முதல்ல மூணு ஸ்தோத்திரம்

சன்னல் பக்கம் நீயே இரு தாயி, எனக்கு வேண்டாம். உப்புக்காத்து முகத்துல அடிச்சா தலைவலி வந்துரும். தூத்துக்குடிக்குத்தானே போற? நானும் அங்கதான். கோர்ட்டு ஸ்டாப்புல இறங்கணும். ஆறுமுகநேரி வரைக்கும் நின்னுக்கிட்டே வந்தேன், இப்பதான் இடம் கிடைச்சிருக்கு. ஸ்தோத்திரம். நின்னதுக்கும் ஸ்தோத்திரம், உக்காந்ததுக்கும் ஸ்தோத்திரம்.

தப்பா நினைக்காத. நீ போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக்கேக்கல்ல. பின்னால நின்ன எனக்கே கேட்டுச்சுன்னா நீ அம்புட்டு சத்தமாப் பேசியிருக்க. உங்க அம்மாகிட்டதானே? மாமியா காப்பிய வாயில வச்சிட்டு அப்படியே அங்கணத்துல ஊத்திட்டாளாம், புருஷன் பாத்துட்டு சும்மா இருந்தானாம். உங்க அம்மாவும் விடாம கேட்டுக்கிட்டே இருந்திருக்கா. அப்புறம் என்ன, அப்புறம் என்னன்னு கேட்டிருப்பா. அப்படிக் கேக்கப்படாது தாயி. அதைத்தான் நான் சொல்ல வாரேன். கேக்கக் கேக்க குறை வளரும்.

பொட்டு வச்சிருக்க, எங்க ஆளு இல்ல போல. பரவால்ல, எல்லாருக்கும் பொதுவான விஷயந்தான். ஸ்தோத்திரம்னா வேற ஒண்ணுமில்ல, ஆண்டவருக்கு நன்றி சொல்லி அவரைப் புகழுதது. நல்லது நடந்தா எல்லாவனும் சொல்லிருவான். லாட்டரி விழுந்தவன் சொல்ல மாட்டானா? கெட்டது நடக்கும்போது சொல்லணும். வலிக்கும்போது சொல்லணும். அதுதான் கிறிஸ்தவன். எங்க கோயில்ல, சர்ச்சைத்தான் சொல்லுதேன், எங்க கோயில்ல ஆளுக்கு ஒரு பட்டப்பேரு உண்டு. எனக்கு ஸ்தோத்திரத்தம்மான்னு பேரு. என் சொந்தப் பேரு தங்கபுஷ்பம்னு சொன்னா எங்க ஊர்லயே பாதிப் பேருக்குத் தெரியாது.

எங்க வீட்டுல ஒரு சட்டம். நான் போட்ட சட்டந்தான். யாரு என்ன குறை சொல்ல வந்தாலும் முதல்ல மூணு ஸ்தோத்திரம் சொல்லணும். அதுக்கு அப்புறம் குறையைச் சொல்லலாம். ஆனா பாத்துக்கோ, மூணு ஸ்தோத்திரம் மனசாரச் சொல்லிட்டா குறை இருந்த இடம் தெரியாமப் போயிரும். அதுதான் அதுல உள்ள சூட்சமம். எங்க வீட்டுக்காரவிய கேலி பண்ணுவாவ. குழம்புல உப்பு இல்லேன்னு சொல்லுததுக்கு மூணு ஸ்தோத்திரம் சொல்லணும், அதுக்குள்ள சோறு ஆறிருது, அதனால உப்பில்லாமலே தின்னுட்டுப் போயிருதேன்னு சொல்லுவாவ. சிரிப்போம். அப்பல்லாம் சிரிப்போம்.

நல்ல காலமும் இருந்துச்சு தாயி, இல்லாம இல்ல. கல்யாணமாகி ரொம்ப வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்ல. எங்க மாமியா என்னைப் பேசாத பேச்சில்ல. நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல்ல, ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதுக்கு அப்புறந்தான் மலரு பிறந்தா. ஜெபமலருன்னு பேரு வச்சோம். அவ பிறந்த வருஷம் மழை பெஞ்சு முருங்கை காய்ச்சுக் கொட்டுச்சு. பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சு மெத்தை வீடு கட்டினோம். அவிய மில்லுல வேலை பாத்தாவ, சூப்பர்வைசரா ஆனாவ. ஒவ்வொண்ணுக்கும் கோயில்ல ஸ்தோத்திர காணிக்கை போட்டேன். எங்க கோயில்ல ஒரு வழக்கம் உண்டு. காணிக்கைக் கவருக்கு மேல என்னத்துக்காகன்னு எழுதிக் குடுத்தா, ஐயரு, எங்க குருவானவரு, ஆராதனை நடுவுல அதை எல்லாரும் கேக்க வாசிப்பாவ. இன்னார், புது வீடு கட்டி முடிச்சதுக்காக. இன்னார், மகள் பரீட்சையில பாஸானதுக்காக. நம்ம பேரு அந்த மைக்குல வரும்போது ஒரு சந்தோஷம் இருக்கும் பாரு. பெருமைக்குச் சொல்லல்ல. ஆண்டவருக்குத்தான் மகிமை.

மலரு சின்னப் பிள்ளையில தெருவுல ஓடி விழுவா. முட்டு உரிஞ்சு ரத்தம் வரும். அழுதுக்கிட்டு எங்கிட்ட வருவா. மூணு ஸ்தோத்திரம் சொல்லு, மருந்து போடுதேன்னு சொல்லுவேன். தேம்பிக்கிட்டே சொல்லுவா பிள்ளை. சொல்லி முடிக்கும்போது அழுகை நின்னிருக்கும். பக்கத்து வீட்டுக்காரியெல்லாம் பாத்து அசந்து போவாளுவ. எப்படிக்கா பிள்ளையை இப்படி வளத்திருக்கன்னு கேப்பாளுவ.

அந்தா, டிரைவருக்குப் பின்னால இருக்க சீட்டுல வெள்ளைச் சட்டை போட்டு ஒரு பெரியவரு இருக்காருல்லா. வழுக்கைத் தலை. அவியதான் எங்க வீட்டுக்காரவிய. ஒரே வீட்டுல இருந்துதான் கிளம்பினோம். ஒரே பஸ்ஸுல ஏறினோம். டிக்கெட்டு அவிய எடுத்து கண்டக்டர்கிட்ட குடுத்து விட்டுட்டாவ. எங்கூடப் பேசமாட்டாவ. வருஷக்கணக்கா பேசல்ல. சோறு போட்டா சாப்பிடுவாவ. வேற ஏதும் வேணும்னா அடுத்த வீட்டுக்காரிகிட்ட சொல்லி எங்கிட்ட சொல்லச் சொல்லுவாவ. கோயிலுக்கு வாரதில்ல. சாப்பாட்டுக்கு முன்னால ஜெபம் கிடையாது. எனக்கு இருக்க ஒரே பாரம் அதுதான். மத்ததையெல்லாம் நான் ஆண்டவர்கிட்ட விட்டுட்டேன். இந்த மனுஷன் இப்படி நன்றி இல்லாம ஆயிட்டாவளேன்னுதான் மனசு கிடந்து அடிச்சிக்கிடுது.

ஏன் பேசமாட்டாவன்னா, அதைச் சொல்லத்தான் வாரேன்.

மலரைத் தூத்துக்குடியில ரூபன்னு ஒரு பையனுக்குக் குடுத்தோம். நல்ல குடும்பம். அவங்க அப்பா அங்க சபையில கமிட்டி மெம்பரு. பையனுக்கு ஹார்பர்ல காண்டிராக்ட் வேலை. ஞாயித்துக்கிழமையானா முழுக்கைச் சட்டை போட்டு முன் பெஞ்சுல உக்காருவான். வேறென்ன வேணும்? ஷைனி பிறந்தா. பேத்தி. அப்படியே மலரை உரிச்சு வச்ச மாதிரி.

கல்யாணமான புதுசுல அறுப்பின் பண்டிகைக்கு மலரு வந்திருந்தா. வருஷத்துல விளைஞ்சதையெல்லாம் கோயிலுக்குக் கொண்டு வந்து படைச்சு ஏலம் போடுத பண்டிகை அது. நான் அடுப்படியில உக்காந்து அசனத்துக்கு, கோயில்ல எல்லாரும் சேந்து சாப்பிடுத விருந்துக்கு, கத்திரிக்கா நறுக்கிட்டிருக்கேன். மலரு வந்து பக்கத்துல குத்தவச்சா. சேலைத் தலைப்பை விலக்கிட்டு, எம்மா, இங்க பாரேன்னா. சட்டைக்கையை மேல தூக்குதா. குரல்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, குறை சொல்ல வாரான்னு. பண்டிகை நாளு பாத்துக்கோ. முதல்ல மூணு ஸ்தோத்திரம் சொல்லு, அப்புறம் காட்டுன்னேன். கையைத் தூக்கினபடியே கொஞ்ச நேரம் இருந்தா. அப்புறம் கையை இறக்கி விட்டுட்டு, ஒண்ணுமில்லம்மா, நீ நறுக்குன்னு எந்திச்சுப் போயிட்டா.

நான் பாக்கல்ல. கத்திரிக்காயைத்தான் பாத்துட்டிருந்தேன். ஏதோ கன்னிப்போன மாதிரி ஒரு நிறம் கண்ணுல பட்டுச்சு, வளையல் அழுத்தினதா இருக்கும். நான் சரியாப் பாக்கல்ல தாயி. பாக்காததை எப்படிப் பாத்தேன்னு சொல்ல?

அப்புறம் ஒருக்க பிள்ளையையும் தூக்கிக்கிட்டு ஒரு பையோட வந்துட்டா. சொல்லாமக் கொள்ளாம வந்தா. இவிய, எங்க வீட்டுக்காரவிய, வாசல்லயே பையை வாங்கிட்டு, இனிமே நீ போக வேண்டாம்ட்டி, இங்கயே இருன்னுட்டாவ. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல்ல, அதுக்குள்ள முடிவு. ஆம்பளைங்க அப்படித்தான். நான் மலரைக் கூட்டிட்டுப் போயி உள்ரூமுல முழங்கால்ல நிக்க வச்சேன். நானும் நின்னேன். ஜெபம் பண்ணினோம். நான் பண்ணினேன், அவ நின்னா. கல்யாணத்துக்காக, நல்ல புருஷனுக்காக, பிள்ளைக்காக, மாமியா மாமனாருக்காக, ஒவ்வொண்ணா எடுத்து ஸ்தோத்திரம் சொன்னேன். புருஷனுக்காக ஸ்தோத்திரம்னு நான் சொன்னப்ப அவ வாயைத் திறக்கல்ல. நீயும் சொல்லுட்டின்னேன். சொன்னா. ரெண்டாவது தடவை கேட்டப்ப சொன்னா. மறுநா காலையில நானே கொண்டு போயி இதே ரூட்டு பஸ்ஸுல ஏத்தி விட்டேன். ஷைனி மட்டும் சன்னல் வழியாக் கையைக் கையை ஆட்டிட்டுப் போச்சு. இவிய அன்னைக்கு மில்லுக்குப் போயிருந்தாவ. வந்து பாத்துட்டு, எங்கட்டி பிள்ளைன்னாவ. சமாதானமா அனுப்பி வச்சிட்டேன்னேன். சோறு உண்ணாமப் படுத்துட்டாவ.

அதுக்கு அப்புறம் மலரு போன்ல எதுவும் பேசுததில்ல. நல்லாருக்கேம்மா, பிள்ளை நல்லாருக்கா, அம்புட்டுதான். எனக்குன்னா நிம்மதி. பிள்ளை பக்குவப்பட்டுட்டான்னு நினைச்சேன்.

இப்ப சொல்லப் போறதுதான் தாயி முக்கியம். இதைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் சாட்சியாச் சொல்லுதேன். கேட்டு அழாத பொம்பளை கிடையாது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நான் மறுநா கோயிலுக்கு வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டுட்டிருக்கேன். கையெல்லாம் கஞ்சி. போன் அடிக்கி. இவியதான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டு எம் பக்கத்துல வச்சாவ. மலருதான். நான் யாருன்னு கேக்கக்கூட இல்ல. எடுத்த எடுப்புல, எம்மா, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னா. மூணு. நான் சொல்லச் சொல்லாமலே மூணு. என் பிள்ளை வாயில இருந்து தானா வந்துச்சு தாயி. ஓடி வந்தவ மாதிரி மூச்சு வாங்குச்சு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருஷம் தண்ணி ஊத்தின மரம் காய்ச்சிருச்சேன்னு இருந்துச்சு.

அப்புறம் அவ கேட்டா, இப்ப சொல்லலாமாம்மான்னு.

இதை நான் கூட்டத்துல சொல்லுததில்ல. சொல்லணும்னு தோணினதுமில்ல, அது ஒரு பெரிய விஷயமா? சின்னப் பிள்ளையில இருந்து அப்படித்தான் கேப்பா. மூணு சொல்லிட்டேன், இப்ப சொல்லலாமாம்மான்னு. எனக்கு இருந்த சந்தோஷத்துல, இனி சொல்ல என்ன மக்ளே இருக்கு, அதுலயே எல்லாம் அடங்கிப்போச்சு, வா ஜெபம் பண்ணுவோம்னேன். கண்ணை மூடிக்கிட்டேன். அன்னைக்கு மாதிரி நான் ஜெபம் பண்ணினதே இல்ல. வார்த்தை அருவியாக் கொட்டுச்சு. இவிய என் தோளைப் பிடிச்சு உலுக்கினாவ, பிள்ளை என்னமோ சொல்லுதாட்டி, நிறுத்துன்னாவ. ஜெபத்துல இருக்கும்போது மனுஷனைத் தொடப்படாது. நான் கையைத் தட்டி விட்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா லைன் கட்டாகிக் கிடக்கு. எங்க ஊர்ல சிக்னல் அப்படித்தான், வரும் போகும். இவிய திரும்பத் திரும்பப் போட்டாவ. எடுக்கல்ல. அப்புறம் சுவிட்ச் ஆஃப்.

இப்பவே கிளம்பிப் போவோம்னு சட்டையை மாட்டினாவ. நாந்தான் தடுத்தேன். பிள்ளை ஸ்தோத்திரம் சொல்லுதா, நீங்க என்னன்னா பேயறைஞ்ச மாதிரி ஓடுதீய, நாளைக்கு ஆராதனை முடிஞ்சு போவோம்னேன்.

மறுநா கவருல எழுதினேன், எங்கள் மகள் ஜெபமலரின் சமாதானமான குடும்ப வாழ்க்கைக்காகன்னு. ஐயரு மைக்குல வாசிச்சாவ. கோயிலே கேட்டுச்சு. கோயில் விட்டு வெளிய வாரோம், ஐயருக்கு ஒத்தாசையா இருக்க உபதேசியாரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு விளங்கல்ல. இவியளுக்கு விளங்கிருச்சு. அப்படியே மணல்ல உக்காந்துட்டாவ.

மொட்டை மாடியில துணி காயப்போடப் போனவ கால் தவறி விழுந்துட்டான்னு சொன்னாவ. காலையிலயே போயிட்டாளாம். நாங்க பாட்டுப் பாடிட்டிருந்த நேரம்.

நீ தண்ணி குடி. இந்தா, எம் பாட்டில்ல இருக்கு. குடி தாயி.

பெட்டி வந்து இறங்குது. தெருவே அலறுது. எங்க நாத்தனா நெஞ்சுல அடிச்சிக்கிட்டு ஓடி வாரா. நான் அவ கையைப் பிடிச்சு நிறுத்தினேன். என் வீட்டுல முறுமுறுப்புச் சத்தம் கேக்கப்படாதுன்னேன். பெட்டி பக்கத்துல நின்னு நான் பாட்டு எடுத்தேன். ஸ்தோத்திரப் பாட்டு. முதல்ல ஒருத்தரும் கூடப் பாடல்ல. நான் ஒத்தக் குரல்ல பாடினேன். அப்புறம் ஒவ்வொருத்தியா சேந்துக்கிட்டாளுவ. ஒரு சொட்டு கண்ணீர் விடல்ல தாயி நான். இன்னைக்கு வரைக்கும் விடல்ல. அடக்க ஆராதனையில ஐயரு சொன்னாவ, இப்படி ஒரு தாயை நான் என் ஊழியத்துல பாத்ததில்லேன்னு. அதுக்கு அப்புறந்தான் எல்லாக் கோயில்ல இருந்தும் பெண்கள் ஐக்கிய சங்கத்துல பேசக் கூப்பிட ஆரம்பிச்சாவ. ஏரலு, நாசரேத்து, வள்ளியூரு வரைக்கும் போயிருக்கேன். துன்பத்திலும் துதின்னு தலைப்பு. என் மக கடைசியா பேசினது மூணு ஸ்தோத்திரம்னு நான் சொல்லும்போது அப்படியே பொம்பளைங்க எந்திச்சு நின்னுருவாளுவ. வார சனிக்கிழமைகூட ஒரு கூட்டம் இருக்கு. நோட்டீஸ்ல என் போட்டோ போட்டிருக்காவ.

இவிய மட்டும் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்ல.

ஆர்டிஓ விசாரணை வந்துச்சு. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள பொம்பளைப் பிள்ளை செத்தா விசாரிப்பாவளாம்லா. நல்ல மரியாதையான ஆபீசரு. என்னை உக்காரச் சொல்லிட்டுக் கேட்டாரு, அம்மா, உங்க மக எப்பவாவது புருஷன் வீட்டைப் பத்தி உங்ககிட்ட குறை சொல்லியிருக்காளான்னு. ஒரு நாளும் சொன்னதில்லேங்கய்யா, என் மக ஸ்தோத்திரத்தைத் தவிர வேற பேசினதில்லேன்னேன். அவரு பேனாவை மேசையில வச்சிட்டாரு. உடம்புல பழைய காயமெல்லாம் இருந்திருக்கும்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. அடிச்சான்னு ஒரு வார்த்தை சொன்னாளான்னு கேட்டாரு. சொல்லல்லேன்னேன். சொல்லல்லதானே? நீயே சொல்லு. அவ வாயால சொன்னாளா? இல்லாததை நான் எப்படி ஆபீசருக்கு முன்னால சொல்ல முடியும்? என் பிள்ளைக்கு முறுமுறுக்குத பிள்ளைன்னு நானே பேரு வாங்கிக் குடுக்கணுமா?

இவிய பக்கத்துல இருந்தாவ. எம் முகத்தையே பாத்துட்டிருந்தாவ. அப்புறம் எந்திச்சு வெளிய போயி வேப்ப மரத்தடியில நின்னாவ. அன்னையில இருந்துதான் பேச்சு நின்னுச்சு. ரூபன் வீட்டு ஆளுவ, தாயே சொல்லிட்டா, கோயில்லயே வாசிச்சிருக்காவன்னு சொல்லி விபத்துன்னு முடிச்சிட்டாவ.

இப்ப என்ன கோர்ட்டுன்னு கேக்கியா? ஷைனிக்குத்தான். ரூபன் வேற கல்யாணம் பண்ணிட்டான். ஷைனி அங்கதான் இருக்கா. பள்ளிக்கூடத்துல அவளுக்குப் பாடம் எடுக்குத டீச்சரு எங்க ஊர்ப்பக்கத்துக்காரி. பிள்ளை தொடையில சூடு வச்ச தழும்பு இருக்கு, வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கான்னு இவியகிட்ட வந்து சொல்லிட்டா. இவிய கேஸ் போட்டுட்டாவ, பேத்தியை எங்ககிட்ட குடுக்கணும்னு. இவிய என்ன சொன்னாலும் ரூபன் பக்கத்து வக்கீல், பெத்த தாயே மருமகன் மேல குறை இல்லேன்னு அன்னைக்கே சொன்னாவளேன்னு அதையே பிடிச்சிட்டு நிக்கானாம். அதனால ஜட்ஜம்மா இன்னைக்கு என்னையே நேர்ல கேக்கணும்னுட்டாவ.

எங்க வக்கீல் நேத்து வீட்டுக்கு வந்து தலைபாடா அடிச்சிட்டுப் போனாரு. பெரியம்மா, நீங்க நாளைக்குச் சொல்லுத ஒரு வார்த்தையிலதான் பிள்ளை உங்க வீட்டுக்கு வாரதும் வராததும் இருக்குன்னாரு. எனக்கு மட்டும் ஆசை இல்லியா? அவ படுக்க மலரு கட்டிலைத் துடைச்சுப் போட்டு வச்சிருக்கேன். ஆண்டவருக்குச் சித்தமானா எப்படியும் குடுப்பாரு. நான் பொய் சொல்லித்தான் அவரு குடுக்கணும்னு இல்ல.

இரு. இரு தாயி. அவிய எந்திச்சு வாராவ. இங்கதான் வாராவ. பஸ்ஸு ஆடுது, விழுந்துராதிய, கம்பியைப் பிடிங்க.

கேட்டியா? உனக்குக் கேட்டுச்சா? எங்கிட்டதான் பேசினாவ. எத்தனை வருஷத்துக்கு அப்புறம். குரலே மாறிப்போச்சு, கிழவன் குரலாயிருச்சு. நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம்ட்டி, பொய்யும் சொல்ல வேண்டாம், அன்னைக்கு போன்ல மலரு உங்கிட்ட என்ன கேட்டாளோ அதை மட்டும் ஜட்ஜம்மாகிட்ட சொல்லிரு, நான் உன் காலுல வேணும்னாலும் விழுதேன்னாவ. பஸ்ஸுல எல்லாரும் பாக்க. சொல்லிட்டுப் போயி உக்காந்துட்டாவ பாரு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்காவ.

ஒரு கேள்வியைப் போயி என்னன்னு சொல்ல? இப்ப சொல்லலாமான்னுதானே கேட்டா. அது குறையா? என்னத்தைச் சொல்ல வந்தாளோ யாருக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குப் பட்டாசு வாங்கினதைச் சொல்ல வந்திருக்கலாம். பிள்ளைக்குப் பல்லு விழுந்ததைச் சொல்ல வந்திருக்கலாம். அவ கேட்டா, நான் கேக்கல்லேன்னு அந்த ஜட்ஜம்மா முன்னால நான் சொல்லணுமாம். சொல்லிட்டு, அப்புறம் நான் எங்க போயி நிக்க? அந்த மூணு ஸ்தோத்திரமும் எனக்கு இல்லேன்னு ஆயிருமே தாயி. அது ஒண்ணுதான் என் பிள்ளை எனக்கு வச்சிட்டுப் போனது. அதை வச்சித்தான் நான் காலையில எந்திக்கேன்.

வேண்டாம். இதெல்லாம் பிசாசு கொண்டு வாரது. ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம். இப்ப பரவால்ல.

நீ எதுக்கு அழுத? உன் மாமியா காப்பியத்தானே ஊத்தினா. கண்ணைத் துடை. உங்க அம்மாவுக்கு மறுபடி போன் போடப் போறியா? போடு, போடு, நான் இறங்கினதுக்கு அப்புறம் போடு.

கண்டக்டரே, கோர்ட்டு ஸ்டாப்புல ஒரு நிமிஷம் நிப்பாட்டுங்க, பெரியவருக்கு முட்டுவலி, மெதுவாத்தான் இறங்குவாவ.

அவிய கையில இருக்க பையைப் பாத்தியா? துணிக்கடைப் பை. காலையில நான் உள்ள பாத்தேன். ரெண்டு கவுனு வாங்கி வச்சிருக்காவ, ஒரே மாதிரி பூப்போட்டது, ஒண்ணு சின்ன அளவு, ஒண்ணு பெரிய அளவு. ரூபன் வீட்டுல பிள்ளையைக் கண்ணுல காட்டுததில்ல, இப்ப எம்புட்டு வளந்திருப்பான்னு இவியளுக்குத் தெரியல்ல. இன்னைக்குச் சாயங்காலமே புதுச்சட்டை போட்டுக் கையோட கூட்டிட்டு வந்துரலாம்னு நினைச்சிட்டிருக்காவ போல. பாவம். பில்லு பைக்குள்ளதான் கிடக்கு. கடைக்காரன் திரும்ப எடுத்துக்கிடுவானான்னு போற வழியில கேட்டு வைக்கணும்.